கடி பார்த்தல்

தண்ணீரில்தான் மாவைத் தூவ வேண்டும்,
மாவில் தண்ணீரை அல்ல.
இது எனக்குப் பதினோரு வருடப் பழக்கம்.
காரைக்குடியில் பல்செட் செய்யும் கூடத்தில்
ஊரார் ஈறுகளை வார்த்து எடுத்தவன்.
ஜாடி என்ன, இன்னொரு வாய்தானே
என்றேன் சிகப்பியிடம்.

அவள் சூளை புதுவயலில்,
அரிசி ஆலைக்குப் பின்னால்.
தவிட்டுத் தூசி கிளம்பும் நேரம்
கதவை ஒருக்களித்து வைப்போம்.
வந்த ஆர்டர்: உப்பு ஜாடி, மூடியோடு, நாற்பது.

முதல் அச்சு திறக்கவில்லை.
மூடிக் குமிழின் கழுத்தடியில்
நகக்கண் அளவு ஓர் உள்வாங்கல்.
பிளாஸ்டர் அங்கே விரல் விட்டுப் பிடித்துக்கொண்டது.
வாயில் வைத்து அளவெடுக்கும் பசை
ரப்பர்போல வளைந்து வெளியே வந்துவிடும்;
பள்ளம் மேடு எதையும்
நான் அதுவரை மதித்ததில்லை.

இரண்டாவதில் சோப்புத் தடவ மறந்தேன்.
அதைப் பேச வேண்டாம்.

மூன்றாவதில்
ஐந்து ரூபாய் நாணயத்தைத் திருகிக் குழி போட்டு,
பாதி வார்த்து, பொறுத்து, மறுபாதி வார்த்து,
மேசையைத் தட்டித் தட்டிக் காற்றை எழுப்பினேன்.
உள்ளங்கை வைத்தால்
காய்ச்சலடிக்கும் குழந்தையின் முதுகு.
தணிவதற்குள் சிகப்பி இரண்டு டீ குடித்தாள்.
திறந்தது,
சத்தமே இல்லாமல்.

மொட்டை மாடியில் பன்னிரண்டு நாள் வெயில்.
கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள்:
ஜில்லென்றால் இன்னும் ஈரம்,
களிக்குழம்பைக் குடிக்காது.

பிறகு நான் கெட்டிக்காரன் ஆனேன்.
இடம் மிச்சமென்று
ஜாடிகளைக் கீழ்த்தட்டிலும்
மூடிகளை மேல்தட்டிலும் வைத்துச் சுட்டேன்.
ஒரே அச்சு, ஒரே குழம்பு, ஒரே நெருப்பு.
நாற்பதில் ஏழுதான் உட்கார்ந்தன.
சில ஆடின. சில உள்ளே விழுந்தன.

"பச்சையிலேயே மேல வச்சிரணும்," என்றாள்.
"ஜாடி கோணினா மூடியும் சேர்ந்து கோணட்டும்."
இதை முன்பே சொல்லியிருக்கலாம்.
சொன்னாளாம். ஆலைச் சத்தம்.

பல்செட்டில் நீலத்தாள் வைத்துக் கடிக்கச் சொல்வோம்;
கறை விழுந்த இடத்தைத் தேய்ப்போம்.
பழைய பையில் அந்தத் தாள் ஒரு கட்டு இருந்தது.
மீதி முப்பத்து மூன்றையும்
மாற்றி மாற்றி வைத்து,
திருகி, நீலம் பார்த்து, தேய்த்து,
இரவு ஒன்றரைக்குப் பதினெட்டு கடித்தன.
ஜாடியின் அடியில் ஓர் எண்,
மூடியின் உள்ளே அதே எண்.

கூடத்தில் ஒரு கீழ்த்தாடை இருந்தது.
அளவு கொடுத்தவர் வாங்க வரவேயில்லை.
ரசீதுகள் பறக்காமலிருக்க
அதைத்தான் மேலே வைத்திருப்பேன்.
இதைச் சொன்னதும்
கணக்கு நோட்டின்மேல்
சேராத மூடி ஒன்றை வைத்துவிட்டு
சிகப்பி மின்விசிறியை ஐந்தில் போட்டாள்.