கறுப்பெண்ணெய்

ஜெலுத்தோங்கில் இதற்குக் கறுப்பெண்ணெய் என்றுதான் பேர்,
போத்தலிலிருந்து ஊற்றும்போது தேன்நிறமாய் இருந்தாலும்.
பிறகு ஆகப்போவதையே பேராக வைத்துவிட்டார்கள்.

நாகேந்திரன் அளவுகோலை உருவினான்.
துடைத்து, திரும்ப விட்டு, உருவினான்.
இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தான். முகர்ந்தான்.
"போன தடவ எப்பண்ணே மாத்தினோம்?"
கண்ணாடி மூலைச் சீட்டில் இருப்பது அவன் கையெழுத்துதான்.
இரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை.
"இது பத்தாயிரம் ஓடின எண்ணெய்."

நெரிசல் என்றேன்.
பாலத்தில் வண்டி நகர்வதே இல்லை என்றேன்.
பாலத்துக்கும் உங்களுக்கும் என்ன என்று அவன் கேட்கவில்லை.
வீடு இங்கே, வேலை பாயான் லெப்பாஸ்.
தீவை விட்டு இறங்கவே தேவையில்லாத ஆள் நான்.

காருக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது:
"மீட்டர் சக்கரத்தத்தான் எண்ணும்.
நின்ன எடத்துல ஓடறத எண்ணாது.
எண்ணெய் எண்ணும்."
திருகு கழன்றது.
வாளிக்குள் சத்தமில்லாமல் இறங்கியது என் மூன்று மாதம்.

ஏழரைக்குப் புறப்படுகிறேன்,
எந்தக் கதவையும் திறக்காத அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு.
பத்து மாவுங்கில், படகுத்துறைக்குப் பின்னால்,
ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில்
ஏசியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
லீலாவதி கட்டித் தந்த மீகூனைப்
பன்னிரண்டு அடித்தால்தான் திறப்பேன்.
சில நாள் ஓவர்டைம் என்று
எட்டு மணிவரை.

புதுச் சீட்டில் எழுதினான்: மூவாயிரம், அல்லது மூன்று மாதம்.
நூற்றறுபது வெள்ளி. பர்சை எடுத்தேன்.
"இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றவன்
கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:
"நிக்கும்போது அணைச்சுடுங்கண்ணே.
கண்ணாடிய எறக்கிவிட்டா போதும்,
படகுத்துறைப் பக்கம் காத்து நல்லா வரும்."

படகுத்துறை என்று நான் சொல்லவே இல்லை.

மறுநாள் அணைத்தேன்.
ஏசி நின்றதும் சட்டை முதுகில் ஒட்டியது.
கண்ணாடியை இறக்கினேன். மீன்வாடை, டீசல், கொஞ்சம் காற்றும்.
வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த மனிதர் நிமிர்ந்தார்.
மூன்று மாதமாய் அவருக்கு நான்
கருப்புத்தாள் ஒட்டிய கண்ணாடி மட்டும்.
இன்றைக்கு வேலை இல்லையா என்று மலாயில் கேட்டார்.

'தாக் அடா' என்றேன். இல்லை.

மூடிக்கடியில் எஞ்சின் சூடு இறங்கி
டிக், டிக்கென்று
கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது.