கூச்சல், விளங்கவில்லை

எக்ஹார்ட் லூட்கே பேச எழுந்தால்
என் பென்சிலுக்கு அவசரம் போய்விடும்.
கூட்டுப்பண்ணையில் மாட்டு வைத்தியராய் இருந்தவர்.
கன்று போடத் திணறும் பசுவின் காதோரம் பேசும் நிதானம்
பட்ஜெட் விவாதத்திலும் அவரை விடவில்லை.

ஷ்வெரின் ஏரி நடுவில் கோட்டை.
பிரபுக்கள் கட்டிய பொன்முலாம் கோபுரத்தின் கீழே
பத்து நிமிடத்துக்கு ஒருவராய் மாறி உட்கார்ந்து
ஒரு மாநிலத்தின் வாயைக்
காகிதத்தில் பிடிப்பது எங்கள் வேலை.
தும்மலை விட்டுவிடலாம்.
குறுக்கீட்டை விடக்கூடாது.

தொண்ணூறு அக்டோபரில் அவர் முதலில் வந்தபோது
போட்டிருந்த கோட்டு இரவல்; தோள் தொங்கியது.
பழைய நாடு மறைந்து மூன்றே வாரம்.
"தோழர்களே" என்று ஆரம்பித்து
நாக்கைக் கடித்துக்கொண்டார்.
நான் எழுதினேன்: (சிரிப்பு).

அப்புறம் ஏழு தேர்தல்.
வேளாண் அமைச்சர், எதிர்வரிசை, மறுபடி அமைச்சர்,
ஓநாய் அடித்த ஆட்டுக்கு நஷ்டஈடு,
கப்பல் பட்டறைக்குக் கடன், பட்டறை மூடியதும்
அந்தக் கடனுக்கு விளக்கம்.
கோட்டு அளவாயிற்று, பிறகு இறுகிற்று.
"நான்" என்று பேசிக்கொண்டிருந்தவர்
எந்த வருடம் "நாம்" ஆனார் என்று கேட்டால்
தொகுதியும் பக்கமும் சொல்வேன்.

தொண்ணூற்றாறு நவம்பர், கிளை ரயில் பாதைகள் விவாதம்.
"கனத்த மனதோடு" என்றார்; ஆதரித்துக் கை தூக்கினார்.
அப்போது மேலே மாடத்திலிருந்து ஒரு குரல்.
காவலர்கள் இழுத்துப்போனார்கள், கதவு மூடிற்று.
பதிவில் இருப்பது இவ்வளவுதான்:
(பார்வையாளர் மாடத்தில் கூச்சல், விளங்கவில்லை).

நேற்று, கடைசிக் கூட்டத்துக்கு முந்தின சாயங்காலம்,
அந்தத் தொகுதியோடு என் அறைக்கு வந்தார்.
பக்க அடையாளமாக ஒரு பழைய தடுப்பூசிச் சீட்டு.
"இது விளங்கியது, ஃப்ராவ் க்ரெபின்.
உங்களுக்கும் விளங்கியது."

விளங்கியதுதான்.
"நீ அந்த ரயிலில்தானேடா பள்ளிக்கூடம் போனாய், எக்கி!"
சொன்னவர் அந்தப் பாதையின் சிக்னல்காரர்,
டெட்லெஃப் லூட்கே. உடன்பிறந்தவர்.

ஏன் எழுதவில்லை?
மாடம் பேசினால் எழுத வேண்டாம் என்கிறது விதி.
அது பாதிக் காரணம்.
மீதி: எனக்கு அவரைப் பிடிக்கும்;
எனக்கு அப்போது முப்பத்தொன்று.
விளங்கவில்லை என்பது
எங்கள் தொழிலில் மரியாதைக்குச் சொல்லும் பொய்.

"இப்போது எழுதிவிடுங்கள்.
ஜனவரியில் போய்விட்டான்."

அச்சேறிய பதிவைத் திருத்த முடியாது என்றேன்.
தெரியும் என்று தலையாட்டினார்.
அந்த விதியைக் கொண்டுவந்த குழுவில் அவரும் இருந்தார்.
சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
தொகுதியை மட்டும்
என் மேசையில் விட்டுப்போனார்.

இன்று விடைபெற்றார். நாலு நிமிடம்.
நன்றிகள், ஒரு மாட்டு ஜோக்,
நடுவில் ஓர் இடத்தில் அண்ணாந்து மாடத்தைப் பார்த்துக்
காகிதத்தில் வரியைத் தொலைத்தார்.
மௌனத்துக்கு எங்களிடம் குறி உண்டு,
அது மூச்சு வாங்குவதற்கும் அதே குறிதான்.
(நீண்ட கைதட்டல். எல்லாக் கட்சியினரும் எழுகிறார்கள்.)

மேலே ஒரு பள்ளி வகுப்பு,
கோட்டைக் கழற்றாமல், வரிசையாய்.
எந்த ஊர்ப் பிள்ளைகளோ.
கைதட்டல் ஓயும் இடுக்கில்
ஒரு பையன் ஆசிரியையிடம் கேட்டது
கீழே வரைக்கும் தெளிவாய் விழுந்தது.
எழுதினேன்:
(மாடத்தில் ஒரு சிறுவன்: நம் ஊருக்கு அடுத்த பஸ் எப்போது?)

காலையில் சரிபார்ப்பவர் சிவப்பில் அடிப்பார்.
அடிக்கட்டும்.
அவர் கைப்பட அடிக்கட்டும்.