அரை மூட்டை

பூஜ்யத்திலிருந்து பத்து வரை
வலிக்கு ஓர் எண் கேட்கிறது படிவம்.
புதுவயல் அரிசி ஆலையில்
இருபத்தாறு வருசம் எடை போட்டவர் வெள்ளைக்கண்ணு.
தாடைக் கட்டுக்கு மேலே கண்ணை இடுக்கி யோசித்து
"ஏழரை" என்றார்.
"சனியா?" என்றேன்.
"மூட்டை."

அரைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
எட்டு என்று எழுதினேன்.
"கூடப் போடாதம்மா."
வாய் குழறியது, கணக்கு குழறவில்லை.

முதல் நாள் நான் வந்தபோது
அந்த அறைக்குள் யாரும் உட்காரவில்லை.
ஊதுவத்தி ஏற்றி ஏற்றி
நாற்றத்தை இன்னும் நாறடித்திருந்தார்கள்.
மெட்ரோனிடசோல் மாத்திரையை
இரண்டு கரண்டிக்கு நடுவே நசுக்கி
புண்ணில் தூவக் காட்டிக்கொடுத்தேன்.
ஐந்தாம் நாள் போனால்
பொன்னழகு தன் சோற்றுத் தட்டோடு
கட்டிலை ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.
அதற்கும் கட்டம் இல்லை.

மார்ஃபின் நாலு மணிக்கொரு தரம்.
டாக்டர் வருவது செவ்வாய்க்கிழமை.
புதன் ராத்திரி இரண்டு மணிக்குப் போன் அடித்தது.
பொன்னழகு பேசவில்லை,
போனை அவர் பக்கமாகப் பிடித்திருந்தாள்.

விடிந்ததும் காரைக்குடிக்குப் போனேன்.
அந்தச் சத்தத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.
"நடுவில் வலித்தால் கொடுக்க
ஒன்று கூடுதலாக எழுதித் தாங்க" என்றேன்.
எழுதினார். பேதி மாத்திரையை மறந்துவிட்டார்.
மாடிப்படியில் மறித்து அதையும் வாங்கினேன்.
ஏழு நாள் வெளிக்குப் போகாத மனுசனிடம்
வேறெந்த ஆறுதலும் செல்லாது.

வண்டியை எடுக்கும்போதெல்லாம்
தெருக் குழாய் வரை கூடவே வருவாள்:
"அவுககிட்ட மட்டும் சொல்லிறாதீங்க.
புண்ணு ஆறிரும்னு இருக்காக."

அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், உள்ளே அவர்:
"அவகிட்டச் சொல்லிறாதம்மா.
தராசு முள்ளப் பாத்தே காலம் போனவன்.
எந்தப் பக்கம் சாயுதுன்னு எனக்குத் தெரியாதா."

ஒரே சரக்கு.
இரண்டு பேரும் தனித்தனியே தூக்கிக்கொண்டு
பத்துக்குப் பத்து அறையில்
இடித்துக்கொள்ளாமல் நடமாடினார்கள்.

நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.
ஒரு வெள்ளிக்கிழமை கட்டு மாற்றி, கை கழுவி,
கிளம்பாமல் உட்கார்ந்தேன்.
"ஏழு சரி. அந்த அரை என்ன?"
அவர் பொன்னழகைப் பார்த்தார்.
அவள் தன் முந்தானை முனையைப் பார்த்தாள்.
பக்கத்து வீட்டில் மிக்சி ஓடி, நின்றது.
நான் வெளியே வந்து
வண்டிக் கண்ணாடியைத் துடைத்தேன்,
துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்ப.

அடுத்த வாரம் ஒன்பது என்றார்.
கட்டி வளர்ந்திருந்தது. அளவைக் கூட்டினோம்.
ஒன்பதுதான்.
அரை இல்லை.

மாசக் கடைசிக் கூட்டத்தில்
கோடுகள் எல்லாம் மேலே ஏறின:
பார்த்த வீடுகள், போட்ட கட்டுகள், ஓட்டிய கிலோமீட்டர்.
அரைக்கு ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்டேன்.
"கம்ப்யூட்டர் தசமம் எடுக்காது சிஸ்டர்."
சிரித்தார்கள். நானும்தான்.
பெட்ரோல் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்திருக்கிறேன்.
இதுவரை பதினாறு பேர்.

அவரை எடுத்த மூன்றாம் நாள்
மிச்ச மாத்திரையைத் திருப்பி வாங்கப் போனேன்.
பதிவேட்டிலிருந்து போனது பதிவேட்டுக்கு வர வேண்டும்.
பொன்னழகு முந்தியே எண்ணி
காலண்டர் தாளில் மடித்து மேலே எழுதியிருந்தாள்:
பதினொண்ணு.
"ஒரு தரம் எண்ணிக்கங்க.
எடை குறைஞ்சா அவுகளுக்குப் பிடிக்காது."

எண்ணினேன்.
நாலு மணிக்குப் பள்ளத்தூர்.
கர்ப்பப்பை, முப்பத்தெட்டு வயசு, புதுப் பெயர்.
வழி கேட்டுத்தான் போக வேண்டும்.