மெர்லா, பெண்பால்

முனிர்காவில் மோமோ கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
இத்தாலிய வகுப்பில் பதினோரு பேர், எல்லோரும் நர்சுகள்.
ஒருத்தியும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.
பாடம் பதினாறு: வாசித்து விடை எழுதுக.

முன்பெல்லாம் ஜனவரிக்கு இருபத்தெட்டே நாள்.
மெர்லா என்றொரு வெள்ளைப் பறவை
மாதம் முழுக்கக் கூட்டுக்குள் கிடந்து தின்றுவிட்டு
கடைசி நாள் வெளியே வந்து
உன் ஆட்டம் முடிஞ்சுதா என்று ஜனவரியைப் பார்த்துப் பாடியது.
ஜனவரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.
பிப்ரவரியிடம் மூன்று நாள் கடன் வாங்கி
மூன்றையும் பனியாகக் கொட்டித் தீர்த்தது.
பறவை ஒரு புகைபோக்கிக்குள் ஒண்டியது.
வெளியே வந்தபோது உயிர் இருந்தது,
வெள்ளை இல்லை.

வினைச்சொல்லை நான் ஓ என்று முடித்திருந்தேன்.
லொரென்சா டீச்சர் சிவப்பில் அடித்து ஆ என்று எழுதினார்.
மெர்லா பெண்பால். வெளியே வந்தாள்.
என் தலைக்குள் ஓடிய தமிழில் பறவையும் அது, மாதமும் அது.

கடனைத் திருப்பிக் கொடுத்தானா என்றாள் லின்ஸி.
டீச்சர் கொஞ்சம் யோசித்தார்.
இல்லை, அதனால்தான் பிப்ரவரி இன்னும் இளைத்துக் கிடக்கிறது.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்
என்று நானும் என் பங்குக்குச் சொல்லப் பார்த்தேன்.
மச்சுக்கு வார்த்தை தெரியாமல் விரலை மேலே நீட்ட
பதினோரு பேரும் அண்ணாந்து
ஈரம் கசியும் கூரையைப் பார்த்தோம்.

டீச்சர் ஸ்டீல் டப்பாவில் பொலெண்டா கொண்டுவந்திருந்தார்.
ஐ.என்.ஏ. சந்தையில் வாங்கிய மக்காச்சோள மாவு,
நாற்பது நிமிடம் கைவிடாமல் கிண்டியது,
மேலே அமுல் சீஸ், வேறு கிடைக்கவில்லையாம்.
களிதானே இது என்றேன்.
களி, என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.
மிச்சத்தை எனக்குக் கட்டிக் கொடுத்தார். அன்றிரவு எனக்கு டியூட்டி.

தேதி இருபத்தொன்பது. மூன்று நாற்பதுக்கு
வசந்த் குஞ்ச் கட்டடம் ஒன்றின் காவலாளிகள் இரண்டு பேர்.
ஸ்ட்ரெச்சர் ஒன்றுதான் காலியாக இருந்தது.
தகரக் கூண்டுக்குள் கரி அங்கீட்டி,
கதவடி இடுக்கில் காற்று வராமல் சாக்கு.
குளிரைத்தான் அடைத்தார்கள்.

பிந்தேஷ்வருக்கு மாஸ்க் வைத்தோம்.
லக்கனின் மூக்கோரக் கரியை நான் துடைத்தேன்,
மூன்று பஞ்சு ஆனது.
கன்னம் நல்ல சிவப்பு,
வயிறாரச் சாப்பிட்டுத் தூங்குகிறவன் மாதிரி.
நாலேகாலுக்கு டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.
ஷீட்டில் ஆங்கிலத்தில் எழுதிய கை என்னுடையது.
மனசு தமிழில் எழுதியது:
இதுவரை அவர். இனிமேல் அது.
எங்கள் இலக்கணத்தில் இது ஒரு நொடி வேலை,
சிவப்புப் பேனா கூட வேண்டாம்.

விடியும் முன் பிந்தேஷ்வர் மாஸ்க்கை விலக்கி
மச்சான் எங்கே என்று கேட்டார்.
மாஸ்க்கைச் சரி செய்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

ஆறிய பொலெண்டா செங்கல் போல இறுகியிருந்தது.
மறுநாள் அறுத்து வறுப்பார்களாம் அவர்கள் ஊரில்.
கத்தி இல்லை, சார்ட்டுக்குக் கோடு போடும் ஸ்கேலால் அறுத்தேன்.
எட்டயபுரத்திலிருந்து வந்த மோர்மிளகாயோடு
நின்றபடியே தின்றேன். பசித்தது, வெட்கமாகவும் இருந்தது.
ஜன்னலுக்கு வெளியே மூட்டத்தில்
ஏதோ ஒரு பறவை கத்தியது, நிறம் தெரியவில்லை.

பஸ்ஸில் வீட்டுப்பாடத்தை முடித்தேன்.
வினா ஐந்து: மெர்லா எப்படிப் பிழைத்தாள்?
புகைபோக்கியில் ஒளிந்ததால், என்பது விடை.
நான் எழுதினேன்:
புகைக்கு வெளியே போக வழி இருந்ததால்.

முப்பத்தொன்றாம் தேதி தாள் திரும்பி வந்தது.
கடைசி எழுத்து ஆ, சரி.
முழு மதிப்பெண்.
பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி.