ஒரே லாட்

எழுநூறு அடிக்குக் கீழே வந்த தண்ணி
பருப்பு வேகாத தண்ணி.
அதை நம்பி மூணு தடவை கொரியன் புல்லு பதித்தோம்.
மூணு தடவையும் ஓரத்திலிருந்து பழுத்து
பீடிக் கலருக்கு வந்தது.
"நல்ல தண்ணி வர்றதே பத்து நாளைக்கு ஒருக்கா.
அதைக் குடிக்கறதா, புல்லுக்கு ஊத்தறதா?"
சென்னியப்பன் கேட்டார்.
அது கேள்வி இல்லை.

ஞாயித்துக்கிழமை
அவிநாசி ரோட்டுக் கடைக்குப் போனோம்.
சுவர் முழுக்கச் சதுரம் சதுரமாகப் புல்லு
நெட்டுக்குத்தாக நின்றது, விலைச்சீட்டோடு.
இருவத்தஞ்சு எம்எம், முப்பத்தஞ்சு, நாப்பது.
சதுரடி நாப்பத்தெட்டு, எழுவது, நூத்திப்பத்து.
"தடவிப் பாருங்க்கா, ஒரிஜினலாட்டவே இருக்கும்."

நான் தடவவில்லை. திருப்பினேன்.
பதினெட்டு வருசம் பனியன் கம்பெனியில்
செக்கிங் டேபிளில் நின்றவள்
எதையும் முதுகுப் பக்கம்தான் முதலில் பார்ப்பாள்.
இஞ்சுக்கு எத்தனை தையல் என்று நகத்தால் எண்ணினேன்.
ஒரு இழையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை.
"ஜிஎஸ்எம் என்ன தம்பி?"
பையன் போனை எடுத்து யாரையோ கேட்டான்.

நூத்திப்பத்து ரூவாப் புல்லில்
அடியில் சுருள் சுருளாகப் பழுப்பு இழை.
"காஞ்ச புல்லுங்க்கா. நேச்சுரலாத் தெரியணும்னு
கம்பெனியிலயே கலந்து தர்றாங்க."
சென்னியப்பன் என்னைப் பார்த்தார்.
மூணு தடவை காசு கொடுத்து வாங்கி
நாங்களே காயவைத்தோம்.
இவர்கள் காயவைத்தே கொடுக்கிறார்கள்.
வாங்கினோம்.

புதன்கிழமை மேஸ்திரி ரங்கராசு வந்தார்,
கூட ஒடிசாப் பையன் பிகாஷ்.
செத்ததைச் சுரண்டி மூட்டை கட்டினார்கள்.
கிரஷர் பவுடர் கொட்டி இடித்தார்கள்.
கேட்டுப் பக்கம் ரெண்டு இஞ்சு வாட்டம்.
களை முளைக்காமல் இருக்க
கறுப்புத் துணி விரித்தார்கள்.
இந்தத் தண்ணிக்குக் களையா என்று நான் கேட்கவில்லை.

ரோல் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உருட்டி விட்டதும்
அடிவயிற்றில் சுருக்கென்றது.

"ரங்கராசண்ணா, ஷேடு மாறுது."
"வெயில்ல அப்படித் தெரியுமுங்க."
"வெயிலு ரெண்டுக்கும் ஒண்ணுதானுங்களே?"

லேபிளைத் தேடிப் படித்தேன். லாட் நம்பர் ஒண்ணுதான்.
கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தேன்.
ஒரு ரோலின் புல்லு வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தது,
இன்னொன்று ரோட்டைப் பார்த்து.
ஒரே மிசின், ஒரே சாயம்.
படுத்த பக்கம் மாறினதில் ரெண்டு பச்சை.
எங்கள் கட்டில் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.
"என்ன?" என்றார் சென்னியப்பன்.
ஒண்ணுமில்லை.

ஒண்ணைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டார்கள்.
நடுவே டேப், பசை.
ஒட்டின இடம் தெரியாமல் இருக்க
பிகாஷ் குத்தவைத்து உட்கார்ந்து
பேன் பார்க்கிற மாதிரி இழை இழையாகப் பிரித்து விட்டான்.
மணல் தூவி, பிரஷ் போட்டு நிமிர்த்தி முடிக்கையில்
மணி ஆறரை.

மிச்சம் ஆறடிக்கு ரெண்டடி.
எங்கள் ஊரில் கட் பிட்டு எதற்கும் எடைக்கு ஒரு விலை உண்டு.
"அக்கா, இது வேஸ்ட்டா? ரூம்ல போடறேன்."
எட்டுப் பேர் படுக்கிற ரூம் என்றார் ரங்கராசு.
ஆறடிக்கு ரெண்டடி
சரியாக ஒரு ஆள்.
எந்த ஆள் என்று எப்படி முடிவு செய்வார்கள்?
சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான்,
காஞ்ச இழையும் சேர்த்து.

சித்திரை மத்தியானம்
சின்னவள் வெறுங்காலோடு இறங்கி
வீல் என்று கத்திக்கொண்டு படியேறினாள்.
தோசைக்கல்லாட்டம் காய்கிறது.
அதனால் தினமும் நாலு மணிக்கு
சென்னியப்பன் ஹோஸ் பிடித்துத் தண்ணி விடுகிறார்,
அதே போர்த் தண்ணி.
குடிக்காது, கோவிக்காது.
காய்ந்த பிறகு நுனியில் வெள்ளையாக உப்புப் பூக்கும்.
நான் ஈரத்துணியால் துடைப்பேன்,
அப்படியே நூல் பிசிறு இருந்தால் கத்தரிப்பேன். கை சும்மா இருக்காது.

எதிர்வீட்டுக் கலாமணி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.
"பரவால்லீங்க்கா, இந்தத் தடவை
புல்லு நல்லாப் புடிச்சிருச்சு!"

"ஆமாங்க," என்றேன்.
அவர் ஹோஸை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.