சுண்ணாம்புக் கோடு

இஞ்சினியர் தாளில் பத்துக்குப் பன்னிரண்டு.
தாளில் நின்று சோறாக்க முடியுமா?

கடலை காயப்போடும் களத்தில்
சுண்ணாம்புத் தூளால் கோடிழுத்து
உள்ளே போனேன்.
இங்கே அடுப்பு. இங்கே தொட்டி. மூன்றே எட்டு.
இந்த மூலையில் சந்தகை மரம்:
நான் பிழிய, துளசிமணி நங்கையா தட்டு ஏந்த,
கைப்பிடி முழுச் சுற்று வரவேண்டும்,
யார் முழங்கையும் சுவரில் இடிக்காமல்.
கோட்டை அழித்து இரண்டடி தள்ளினேன்.

மேற்கே ஒரு ஜன்னல், மோட்டார் ரூமைப் பார்த்து.
தண்ணி விழுகிறதா என்று
ஈரக்கையோடு ஓடியது போதும்.

அவர் வந்தார், சுவர் வழியாக.
"வாசல் அந்தப் பக்கமுங்க."
திரும்பிப் போய் வாசல் வழியே வந்து
நடுவில் நின்றார்.
"இதுல எனக்கு எங்க எடம்?"

பதினெட்டு வருசத்தில் கேட்டதே இல்லை.
நானும் யோசித்ததில்லை.
வெங்காயக் கூடைக்கும் அட்டாலிக்கும் நடுவே
முக்காலி அளவுக்கு ஒரு கட்டம் போட்டேன்.
வெறுந்தரையில் கால் மடக்கி உட்கார்ந்து பார்த்தார்.
"அருவாமனைக்கு இங்க வெளிச்சம் பத்தாது.
ஜன்னலோரமாப் போடு."

ராத்திரி வெள்ளாட்டுக்குட்டி ஒன்று
பிரிட்ஜ் வைக்கும் இடத்தில் படுத்துக் கிடந்தது.
தெற்குச் சுவர் பாதி அதன் வயிற்றில் ஒட்டியிருந்தது.
காலையில் மறுபடி இழுத்தேன்,
இன்னும் அரையடி தள்ளி.