பதினோராவது வரி

தர மதிப்பீட்டுப் பிரிவிலிருந்து என்னை அனுப்பினார்கள்.
கையில் படிவம், பன்னிரண்டு கட்டம்,
சட்டைப் பையில் இரண்டு பேனா.
வால்பரைசோவில் அன்று காற்று
குன்றின் தகரக் கூரைகளைத் தட்டித் தட்டி
யாரையோ எழுப்பிக்கொண்டிருந்தது.

மூன்றாம் மாடி, அறை முந்நூற்றேழு.
நாற்காலிகள் இருந்தன. ஆளில்லை.
பலகையில் சாக்பீஸில் எழுதியிருந்தது:
'வகுப்பு வெளியே போயிருக்கிறது. நீங்களும் போகலாம்.'

ரொமினா உர்ருத்தியா அகப்பட்டது மாலையில்தான்,
படிக்கட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டு.
ஓராண்டு ஒப்பந்தம்; மார்ச்சில் புதுப்பித்தால் உண்டு.
"ஒரு கவிதையை வெட்டினேன்" என்றாள்,
கோழியைச் சொல்வதுபோல.
"ஆளுக்கொரு வரி. விளக்கவுரை கூடாது.
முன்பின் தெரியாத ஒருவரிடம் நீட்டி
அவர் சொன்னதோடு திரும்ப வேண்டும்."

'கற்றல் விளைவு' என்ற கட்டத்தில்
பேனா நெடுநேரம் நின்றது.

வியாழக்கிழமை வந்தார்கள்.
மாய்த்தேயின் வரி: எல்லாக் கதவும் ஒருநாள் மரம்.
தச்சர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்:
"இது இல்லம்மா. இது அலுமினியம்."
வகுப்பு சிரித்தது. சிரிப்பு ஓய்ந்தபின் நாவெல்,
"அப்படியானால் அலுமினியம் முன்னே என்னவாக இருந்தது?"
நாற்பது நிமிடம் அதிலேயே போயிற்று.
செம்மண், சுரங்கம், எவரெவரோ குடியிருந்த மலை.
நான் கடிகாரம் பார்க்க மறந்தேன்,
அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.

நாவெல் தன் வரியைக் கொடுத்தது
குன்றேறும் கம்பிவட வண்டியை இயக்குகிறவரிடம்:
நாம் விட்டுவந்த இடம் நமக்காகக் காத்திருப்பதில்லை.
அவர் கேட்டது: "மேலேயா, கீழேயா?"
அதற்குமேல் ஒரு சொல் இல்லை.
ரொமினா அதைப் பலகையில் எழுதி வட்டமிட்டாள்.
செமஸ்டர் முடியும்வரை அழிக்க விடவில்லை.

ஒருவர் வைத வசை.
ஒரு காவலரின் "அடையாள அட்டை எங்கே?"
ஒரு சிறுமி வரைந்து கொடுத்த மூன்றுகால் நாய்.
எல்லாவற்றையும் வரிகளுக்கு எதிரே ஒட்டினார்கள்.
கவிதை இப்போது
எதிரெதிர் வீடுகள் உள்ள தெருவாகிவிட்டது.
பதினோராவது மனை மட்டும் இருபுறமும் காலி.

எலிசெயோ, கடைசி வரிசை,
தரையைப் பார்த்துச் சொன்னான்:
"மீன்துறையில் ஒரு அம்மாவிடம் கொடுத்தேன்.
செதில் ஒட்டிய கையை மேலங்கியில் துடைத்து வாங்கினாள்.
இரண்டு முறை படித்தாள்.
மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.
திருப்பிக் கேட்க வாய் வரவில்லை."
"வரி என்ன?"
"மறந்துவிட்டது."
எல்லாரும் ரொமினாவைப் பார்த்தோம்.
"புத்தகம் வீட்டில் இருக்கிறது" என்றாள்.
"நான் பார்க்கப்போவதில்லை."

தேர்வுக் கேள்வி அதுதான், ஒரே கேள்வி:
அந்த மனையில் யார் குடியிருந்தார்?

படிவமோ 'சான்று இணைக்கவும்' என்கிறது.
சனிக்கிழமை நானே போனேன்.
ஈர ஐஸ், பூனைகள், தராசில் ஒரு கடற்சிங்கத்தின் கண்.
தோன்யா எர்சிலியா கத்தியை நிறுத்தவில்லை.
"அந்தக் காகிதமா? மகனிடம் கொடுத்துவிட்டேன்.
படகுக்குப் போகும்போது பையில் திணித்தேன்.
எங்களுக்குள் பேச்சு நின்று இரண்டு வருஷம்."
பிறகு கத்தி நின்றது.
"காகிதம் கொடுத்தால் பேசினதாகக் கணக்கா, சார்?
நீங்கள் பல்கலைக்கழகத்து ஆள், சொல்லுங்கள்."

எனக்குப் பதில் தெரியவில்லை.
ஒரு கிலோ மெர்லூசா வாங்கினேன்.

பன்னிரண்டாம் கட்டத்தில் எழுதினேன்:
'சான்று கடலில் இருக்கிறது.
காற்று தணிந்தால் புதன்கிழமை கரைக்கு வரும்.'
மேலதிகாரி சிவப்பு மையில் கேட்டிருக்கிறார்:
இது என்ன, பகடியா?
ஐயா,
மீனை வறுத்துத் தின்றுவிட்டேன்.
ரசீதை இணைத்திருக்கிறேன்.